ஆபத்து எங்கே இருக்கிறது

மொழிபெயர்ப்பு நாவல் படிக்கிற யாருக்கும் இந்த வாக்கியம் பழகிப்போயிருக்கும்: ‘அவள் ஆபத்தில் இருந்தாள்.’ எழுவாய் இருக்கிறது, ஏழாம் வேற்றுமை இருக்கிறது, பயனிலை இருக்கிறது. தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் படிக்கும்போது, அவள் ஒரு அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றும். வெளியே ‘ஆபத்து’ என்று பெயர்ப்பலகை தொங்கும். வீட்டில் நாம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ‘அவ உசுருக்கே ஆபத்துடா’ என்போம். ‘வசமா மாட்டிக்கிட்டா’ என்போம். ‘அவளுக்கு ஏதோ ஆயிடப் போவுது’ என்போம். இந்த மூன்றிலும் அவள் ஆபத்துக்குள் உட்காரவில்லை. ஆபத்துதான் அசைந்து அவளிடம் வருகிறது, அல்லது அவள் போய் அதில் சிக்குகிறாள்.

‘இல்’ என்கிற இத்தனூண்டு உருபுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். கடந்த சில வருஷமாக நான் வாசிக்கிற தமிழ் உரைநடையில், மொழிபெயர்ப்பு மட்டுமில்லை, நேரடியாகத் தமிழில் எழுதப்படுகிற கதைகளிலும், இந்த ‘இல்’ ஒரு பெரிய வேலையைத் தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறது. அதிர்ச்சியில் இருந்தான், குழப்பத்தில் இருந்தான், காதலில் இருந்தான், அபாயத்தில் இருந்தான். பாத்திரங்கள் எதையும் படுவதில்லை, எதற்குள்ளாவது இருக்கிறார்கள். எனக்கு இது நடையழகு சம்பந்தப்பட்ட புகார் மட்டும் இல்லை. எங்கள் ஊரில் இந்த உருபு வேறு சில காரியங்களையும் செய்கிறது. அங்கே வருகிறேன்.

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம், அதன்மேல் பழி போடுவது என் நோக்கம் இல்லை. ஆங்கிலத்தில் ‘இன்’, ‘அட்’, ‘ஆன்’, ‘அண்டர்’ என்று நாலைந்து குட்டிச் சொற்கள். ஒரே கதவு வழியாக மூன்று விதமான ஆட்களை உள்ளே விடுகின்றன. ‘அட் ஹோம்’ என்றால் இடம். ‘அட் வார்’ என்றால் நிலைமை. ‘அட் ரிஸ்க்’ என்றால் இன்னும் நடக்காத ஒன்று. மூன்றுக்கும் ஒரே ‘அட்’. ஜார்ஜ் லேக்கஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் வெளியிட்ட ‘மெட்டஃபர்ஸ் வீ லிவ் பை’ புத்தகத்தில் இதை விரித்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர் மனநிலைகளைப் பாத்திரங்களாக, இடங்களாகப் பார்க்கிறார். காதலுக்குள் விழுகிறார், சிக்கலுக்குள் போகிறார், மனச்சோர்வுக்குள்ளிருந்து வெளியே வருகிறார். படிக்கும்போது ‘ஆமாம்ல’ என்று தலையாட்ட வைக்கிற புத்தகம். ஆனால் தமிழ் பேசுகிற ஆள் தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். எனக்குப் பசிக்குது. எனக்குப் பயமா இருக்கு. அவனுக்குக் கோவம் வந்துடுச்சு. அவளுக்குத் தூக்கம் வரல. நாம் நான்காம் வேற்றுமையில் உணர்கிறவர்கள். உணர்வு விருந்தாளி மாதிரி வரும், போகும். நாம் ‘கு’ என்கிற திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.

இதை வைத்து ‘தமிழில் நிலைமையை இடமாகச் சொல்கிற வழக்கமே கிடையாது, அதெல்லாம் ஆங்கில இறக்குமதி’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ‘கஷ்டத்துல இருக்கோம்’ என்று எந்தக் கிழவியும் சொல்வாள். ‘கோவத்துல பேசிட்டேன்’ சுத்தமான பேச்சுத் தமிழ். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் ‘இல்’ போட்டாலும் பெரும்பாலும் கூடவே ஒரு வினையைத் துணைக்கு வைத்துக்கொள்ளும்: கடன்ல மூழ்கி, வம்புல மாட்டி, சந்தோஷத்துல குதிச்சு, கோவத்துல கத்தி. ‘இருந்தான்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது குறைவு. ஆங்கிலத்தின் குட்டிச்சொல்லுக்கு ‘இருக்கிறான்’ மட்டும் போதும். நம் உருபு ஒல்லி. தனியாக எடை தூக்காது.

*

ஒல்லியாக ஆனது பிற்பாடுதான். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு ‘கண்’ என்று பெயர் வைக்கிறார். வினை நடக்கிற இடம், நிலம், காலம் மூன்றும் அதன் பொருள் என்கிறார். அதோடு விடாமல் அந்த வேற்றுமைக்குரிய பத்தொன்பது சொற்களை அடுக்குகிறார். அந்தப் பட்டியலை முதல்முறை வாசித்தபோது மனப்பாடப் பகுதியாக வாசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இப்போது வாசித்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது. கண், கால், தலை மூன்றும் உடம்பு. மேல், கீழ், முன், பின், வலம், இடம் என்று உடம்பிலிருந்து பார்க்கிற திசைகள். இடை, கடை, அயல், சார், புடை என்று பக்கத்து வீட்டு உறவுகள். உள் ஒரு சொல், அகம் இன்னொரு சொல், புறம் மற்றொன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி இதை இருபத்தெட்டாக நீட்டுகிறார். வாய், முதல், வழி எல்லாம் உள்ளே வருகின்றன. நாம் பிடித்துக்கொண்டிருக்கிற ‘இல்’ அந்த இருபத்தெட்டில் ஒன்று, அவ்வளவுதான். அதற்கே வீடு என்றும் பொருள், இல்லை என்றும் பொருள். ஐந்தாம் வேற்றுமையில் நீங்குவதையும் அதே ‘இல்’தான் சொல்லும்.

பட்டியலில் அகமும் புறமும் நிற்கின்றன என்பதை இன்னொரு தடவை பாருங்கள். சங்கக் கவிதையின் மொத்த உலகத்தையும் இரண்டாகப் பிரிக்கிற அதே இரண்டு சொற்கள் இலக்கணத்தில் இடத்தைச் சொல்கிற உருபுகளாக வரிசையில் நிற்கின்றன. லேக்கஃபுக்கு நிலைமை என்பது இடம் மாதிரி. திணைக் கவிதையில் ‘மாதிரி’ கிடையாது. நெய்தல் ஒரு பூ, ஒரு நிலம், இரங்கல். முல்லை என்பது காடு, அதன் உரிப்பொருள் ‘இருத்தல்’. பாலைக்குச் சொந்த நிலம்கூட இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் அதுதான் பாலை. அதாவது ஒரு நிலைமை போய் நிலம் ஆகிறது. நிலம், நிலை இரண்டும் ‘நில்’லிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது புத்தகத்துக்கு ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தின் ‘இன்’னை அவர் தலைப்பில் ஒரு பெயரடையாக மறைத்து வைத்ததில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். நெய்தல் தலைவி துக்கத்துக்குள் இருப்பதில்லை. கழியில் நீர் ஏறுகிறது, பறவை கூடு திரும்புகிறது, அவள் கரையில் நிற்கிறாள். துக்கம் எங்கே என்று தனியாகக் கேட்க முடியாது.

இத்தனை வைத்திருந்த மொழியின் எழுத்துநடை இன்று ஒரு ‘இல்’, ஒரு ‘கீழ்’ இரண்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறது. ‘கீழ்’ ஆபீஸ் வழியாக வந்தது. திட்டத்தின் கீழ், பிரிவின் கீழ், சட்டத்தின் கீழ். இனி யாரும் அதைக் கழற்ற முடியாது, கழற்றவும் வேண்டாம். ஆனால் கதையில் ‘அழுத்தத்தின் கீழ் அவன் நொறுங்கினான்’ என்று வந்தால், என்னமோ கிரஷர் மிஷின் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் மழைக்கு ‘அடியில்’ நடப்பார், ‘சூ லா ப்ளுயி’ என்பார். ஆங்கிலேயர் மழைக்கு ‘உள்ளே’ நடப்பார். நாம் மழையில நனைஞ்சுக்கிட்டே போவோம். வினை கூட வந்துவிட்டது பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த ஒருவர் அவசரத்தில் மொழிபெயர்த்த கதையொன்றில் நாயகன் மழையின் கீழ் நின்றான். மழைக்கு மேலே யார் நின்றார் என்று கேட்கத் தோன்றியது.

பேச்சுத் தமிழ் அவ்வளவு ஏழையாகவில்லை. நான் வளர்ந்தது அரியாங்குப்பத்தில். எங்கள் பக்கத்தில் ‘ஆண்ட’ என்று ஒன்று உண்டு. வூட்டாண்ட, கடையாண்ட, பாலத்தாண்ட, கோயிலாண்ட. அண்டை என்பதன் பேச்சு வடிவம். வட தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, சென்னைத் தமிழ் என்று சினிமா இதை ஜோக்குக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டது. ஆங்கிலத்தின் ‘அட்’டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. ‘கடையில இருக்கேன்’ என்றால் உள்ளே. ‘கடையாண்ட இருக்கேன்’ என்றால் வாசலில், எதிரில், பக்கத்து மர நிழலில், எங்கேயும் இருக்கலாம். வந்தால் கண்ணில் படுவேன் என்று அர்த்தம். ஆங்கில இலக்கண வகுப்பில் ‘இன்’னுக்கும் ‘அட்’டுக்கும் வித்தியாசம் புரியாமல் நாங்கள் முழித்தபோது, ‘அட்’னா ஆண்டடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பையன்கள் தேறியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. எழுத்திலும் இல்லை. எங்கள் பாத்திரங்கள் எல்லாரும் ‘கடையில்’ நின்று டீ குடிக்கிறார்கள்.

கி. ராஜநாராயணன் 1989இல் புதுச்சேரிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்து, இங்கேயே கடைசிவரை வாழ்ந்தார். அவர் 1982இல் கரிசல் மண்ணின் வட்டார வழக்குகளுக்கு அகராதி போட்டவர். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் வட்டார வழக்காக இருந்தால் அழகு என்று ஒத்துக்கொள்ள நம்மை அவர் பழக்கினார். உருபு வட்டார வழக்காக இருந்தால் மட்டும் இன்னமும் நமக்குக் கொச்சையாகப் படுகிறது. உரையாடலுக்குள் மட்டும் விடுவோம், ஆசிரியர் கூற்றில் விடமாட்டோம்.

*

இப்போது ஆபத்துக்கு வருவோம். தமிழில் ஒருத்தர் அழிவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை இடத்தை வைத்துச் சொல்கிற மரபுத்தொடர்களை நான் ஒருநாள் எழுதிப் பார்த்தேன். நடுத்தெருவுக்கு வந்துட்டோம். நட்டாத்துல விட்டுட்டான். நடுக்கடல்ல தவிக்கிறோம். அந்தரத்துல தொங்குது. கரை ஏறிட்டான் என்றால் பிழைத்துவிட்டான். கரை சேர்ந்தான் என்றாலும் அப்படியே. குழந்தையிடம் ஓரமா போ என்கிறோம், ஓரமா நில்லு என்கிறோம். கவனித்தீர்களா? தமிழில் ஆபத்து நடுவில் இருக்கிறது, பாதுகாப்பு ஓரத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் தலைகீழ். பிரிங்க், வெர்ஜ், எட்ஜ், மார்ஜின் எல்லாம் ஓரங்கள். ஓரத்துக்குப் போனால் விழுவாய், நடுவில் இருந்தால் நிம்மதி. அவர்களுக்கும் நட்டாற்று உவமைகள் இல்லாமல் இல்லை. நமக்கும் கரணம் தப்பினால் மரணம் என்கிற கயிற்று வித்தை இருக்கிறது. ஆனாலும் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. அவர்களுடைய உவமை செங்குத்துப் பாறையிலிருந்து வருகிறது, நம்முடையது ஆற்றிலிருந்து வருகிறது என்று சொல்ல ஆசைதான். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, விட்டுவிடுகிறேன்.

‘அழிவின் விளிம்பில்’ என்ற தொடர் இப்போது செய்தித்தாள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பறவையும் விளிம்பில், ஏரியும் விளிம்பில், மொழியும் விளிம்பில். 1990களில் ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்களின் விவாதங்கள் வழியாக ‘விளிம்புநிலை’ என்ற சொல் தமிழில் காலூன்றியது. அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். யார் மையத்தில், யார் ஓரத்தில் என்று அதிகாரத்தைச் சுட்டிக்காட்ட அது தேவைப்பட்டது. பழைய தமிழில் இருந்து அதை எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் பழைய தமிழில் ஓரம் பாதுகாப்பான இடம். ஆகவே எல்லா இறக்குமதியும் கெடுதல் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லை உருவாக்கியவர்கள் ஏதோ ஒரு தேவைக்கு உருவாக்கினார்கள். அடுத்த தலைமுறை அதை ‘விளிம்பில் உள்ள’ என்று எதற்கெடுத்தாலும் ஒட்டுகிற ஸ்டிக்கராக ஆக்கியதுதான் சலிப்பு.

இதே நியாயத்தை இன்னொரு இறக்குமதிக்கும் கொடுக்க வேண்டும். உங்களில் பாதிப்பேர் ‘டிப்ரஷன்ல இருக்கேன்’ என்று சொல்லியிருப்பீர்கள். மொழித்தூய்மை பேசுகிற மாமாக்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ‘மனசு சரியில்ல’ என்று சொல்லக்கூடாதா என்பார்கள். சொல்லலாம். ஆனால் மனசு சரியில்லை என்றால் கோளாறு மனசில், அதாவது என்னில். டிப்ரஷன்ல இருக்கேன் என்றால் நான் ஒரு இடத்தில் இருக்கிறேன். நானும் அந்த இடமும் ஒன்றில்லை. உள்ளே வந்த மாதிரி வெளியே போகவும் ஒரு வழி இருக்கலாம். ஒரு உருபு ஒருவருக்கு அந்த அளவுக்குக் காற்று விட்டால், அது எந்த நாட்டு உருபாக இருந்தால் என்ன? ‘ரிலேஷன்ஷிப்ல இருக்கோம்’ என்பதும் அப்படித்தான். ‘பழகுறாங்க’ என்று ஊர் சொல்லும்போது அதில் இருந்த இளக்காரம் இதில் இல்லை. அது ஒரு இடம். இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். முடிந்தது.

இதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் ‘அபாயத்தில்’ என்பதோடு எனக்குச் சமாதானம் வரவில்லை.

*

சில வருஷத்துக்கு முன் ஒரு தன்னார்வ அமைப்பு கடற்கரைக் குடும்பங்கள் பற்றிய ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கச் சொல்லி எனக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘அட் ரிஸ்க்’. அட் ரிஸ்க் குடும்பங்கள், அட் ரிஸ்க் குழந்தைகள், அட் ரிஸ்க் கடற்கரை. வழக்கமான தமிழ், ‘அபாயத்தில் உள்ள’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தமிழ்ப் பிரதியை அந்தக் குடும்பங்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வீராம்பட்டினத்தில் ஒரு ஆயா வீட்டு வாசலில் வாசித்தேன். ‘அபாயத்தில் உள்ள குடும்பங்கள்’ என்றதும் ஆயா கேட்டது, ‘யாரு தம்பி அவுங்க?’

‘நீங்கதான் ஆயா.’

‘நாங்க வூட்லதான கீறோம்?’

ஆயா நக்கல் பண்ணவில்லை. அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோதும் அந்த வீடுதான். ஆபத்து என்று ஆயா சொன்ன வாக்கியங்கள் வேறு மாதிரி இருந்தன. ‘தண்ணி வந்துடும்.’ ‘ஓடு பறந்துடும்.’ ‘படகு அடிச்சிக்கினு பூடும்.’ நான் தேடிக்கொண்டிருந்தது அங்கே இருந்தது. தமிழ் அபாயத்தை வைக்கிற இடம் உருபு இல்லை, துணைவினை. ‘விடு’. ஏறாத, விழுந்துடுவ. மூடி வை, ஈ மொச்சிடும். சீக்கிரம் வா, பஸ் போயிடும். இன்னும் நடக்கவில்லை, நடந்தால் முழுசாக நடந்து தீரும், திருப்ப முடியாது. ஆங்கிலத்தில் ‘அட் ரிஸ்க் ஆஃப் ஃபாலிங்’ என்று நாலு சொல்லில் சொல்வதை எந்த அம்மாவும் ‘விழுந்துடுவ’ என்று ஒரே சொல்லில், அதுவும் கத்திச் சொல்லிவிடுவாள்.

இரண்டுக்கும் இலக்கண வித்தியாசம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ‘தண்ணி வந்துடும்’ என்கிற வாக்கியத்தில் வருகிறது தண்ணீர். அடுத்த கேள்வி தானாகவே வரும்: ஏன் வருது, எங்கேயிருந்து வருது, யார் தொறந்து விட்டா? ‘அபாயத்தில் உள்ள குடும்பம்’ என்பதில் செய்கிறவர் யாருமில்லை. குடும்பம் ஒரு இடத்தில் இருக்கிறது. அப்புறம் வருகிற கேள்வி ஒன்றே ஒன்று: ஏன் இன்னும் அங்கே இருக்கிறார்கள்? அதற்கு ஒரே ஒரு பதில்தான், வெளியேற்று.

எங்கள் ஊரின் நிலவியலை வைத்தே சொல்கிறேன். சங்கராபரணி கடலுக்குப் போகிற வழியில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே அரியாங்குப்பம் ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு. நடுவில் நாங்கள். சொல்லப்போனால் கொம்யூன் முழுக்கவே நட்டாற்று ஊர். வடக்கு ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய மேடு, ரோமானியச் சாடித் துண்டுகள் வந்த மேடு. ஆறு வளைந்து போகும்போது அந்தக் கரையைக் கடித்துக்கொண்டே போகிறது. அந்த ஆற்று முகத்துவாரத்தில்தான் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக இரண்டு கல்கரைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல்கரை அதை மறித்தது. தெற்கே, வீராம்பட்டினம் பக்கம், மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை மணலை இழந்து கருங்கல்லாக மாறியது, அதற்கும் வடக்கே இருந்த குப்பங்கள் வீடுகளை இழந்தன. மணலைத் திரும்பக் கொண்டுவர பிற்பாடு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு திட்டு போட வேண்டிவந்தது.

இப்போது இரண்டு தமிழ் வாக்கியங்கள். ஒன்று: ‘கடலரிப்பு அபாயத்தில் உள்ள மீனவக் கிராமங்கள்.’ இன்னொன்று: ‘துறைமுகக் கல்கரை மணலை மறித்ததால் கடல் இந்தக் குப்பங்களுக்குள் வருகிறது.’ முதலாவது சின்னதாக, அழகாக, தலைப்புக்குப் பொருத்தமாக இருக்கிறது. அதில் கல்கரை காணாமல் போய்விட்டது.

இதற்கும் ஆங்கிலத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் வேடிக்கை. ‘டேஞ்சர்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேர் லத்தீனில் ஆண்டை, எஜமான் என்று பொருள்படும் சொல். ஆதியில் டேஞ்சர் என்றால் எஜமானனின் அதிகாரம். ஒருவருடைய டேஞ்சருக்குள் இருப்பது என்றால் அவர் பிடிக்குள் இருப்பது, அவர் தயவில் இருப்பது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் அன்டோனியோ ஷைலக்கின் டேஞ்சருக்குள் நிற்பது இந்தப் பொருளில்தான். அப்போது அந்த ‘உள்’ளுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். காலப்போக்கில் எஜமான் எழுந்துபோய்விட்டார், ‘உள்’ மட்டும் மிச்சம். நம்முடைய வடசொற்களும் இதில் வேடிக்கையானவை. ஆபத்து என்பதில் வந்து விழுதல் இருக்கிறது. அபாயம் என்பதில் விலகிப் போதல் இருக்கிறது, உபாயத்தில் நெருங்கி வருதல் இருப்பதுபோல. இரண்டும் நடக்கிற சொற்கள். அவற்றின் காலில் ‘இல்’ என்று ஒரு கல்லைக் கட்டி உட்காரவைத்தவர்கள் நாம்.

கடலில் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘கடலில் 12 மீனவர்கள்’ என்று தலைப்பு வந்தால் அவர்கள் படகில் இருக்கிறார்களா, தண்ணீருக்குள் விழுந்துவிட்டார்களா என்று தெரியாது. ஆங்கிலம் ‘அட் சீ’, ‘இன் த சீ’ என்று அதைப் பிரித்துவிடும். எழுத்துத் தமிழுக்கு வழி இல்லை. மீனவர் வீட்டில் வழி இருக்கிறது. கடல் மேல போயிருக்காங்க என்பார்கள். ‘மேல’ என்றால் மிதக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள், திரும்புவார்கள். ‘கடல்ல பூட்டான்’ என்றால் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கடற்கரை நாவல் எழுதுகிறவர் மீன் பெயர் ஐம்பதைத் தேடிப் பிடித்துப் போட்டாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. காரைக்கால், நாகை, ராமேஸ்வரம் மீனவர்கள் கைதாகும்போது ‘எல்லை தாண்டி’ என்று எழுதுகிறோமே, அதுவும் இப்படி ஒரு சொல்தான். 1974லும் 1976லும் தாளில் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரு பின்னொட்டு முடிவு செய்கிறது, செய்தி எழுதுகிறவர் கோட்டைப் பார்த்ததில்லை.

*

கடைசியாக, இடமும் நிலைமையும் அபாயமும் ஒரே குறியில் சேர்கிற ஒன்றைப் பற்றி. புயல் எச்சரிக்கைக் கூண்டு. ‘புதுச்சேரி துறைமுகத்தில் எட்டாம் எண் கூண்டு ஏற்றம்’ என்று வரும். கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் விளக்கும். எங்கள் ஊர்க்காரர் அனைவருக்கும் இது தெரியும், ‘அஞ்சாம் நம்பர் ஏத்திட்டாங்க’ என்றால் வலையைச் சுருட்டுவார்கள். நாம் எல்லாரும், பத்திரிகைகளும்தான், இதை மார்க் போடுகிற மாதிரி படிக்கிறோம். எட்டைவிட ஒன்பது மோசம், ஒன்பதைவிடப் பத்து மோசம். ‘கூண்டு எண் 8லிருந்து 9ஆக உயர்வு’ என்று பதற்றத்தோடு எழுதுவார்கள்.

அப்படி இல்லை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அதற்கு மேலான பேரபாயம், அந்த மூன்றுக்குள் அளவு ஒன்றுதான். வித்தியாசம் இடம். ஐந்தும் எட்டும் என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். ஆறும் ஒன்பதும் என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும். ஏழும் பத்தும் என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகே. வலம், இடம், மேல். தொல்காப்பியர் பட்டியலில் இருக்கிற அதே சொற்கள். அதுவும் பாருங்கள், வலமும் இடமும் நம் கையை வைத்துச் சொல்லப்படவில்லை, புயலின் முதுகில் ஏறி உட்கார்ந்து அது போகிற திசையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. நகர்கிறது புயல். துறைமுகம் அதற்கு எந்தப் பக்கம் என்பதுதான் எண்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் நகரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை. அந்த ராத்திரி போனில் வந்த ஃபார்வர்டு மெசேஜ்களில் கூண்டு எண்கள் பறந்தன, ஒவ்வொருவரும் ஒரு நம்பரை ஏற்றிச் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் பதினொன்று என்று இன்னொன்றும் உண்டு. அதற்கு வலமும் கிடையாது, இடமும் கிடையாது. வானிலை மையத்தோடு இருந்த தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அது கம்பத்தில் ஏறி நான் பார்த்ததில்லை.